தூர்தர்ஷன், வானொலி, ஃப்ரீ டிஷ்: இலவச ஒளிபரப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில் கேபிள் நின்றுபோன அன்று ஆரம்பித்த தேடல் இது. மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் இணைப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "கவர்மெண்ட் டிவியாவது தெரியணுமே, அது சும்மாதானே வரும்?" என்று கேட்டார். மொட்டை மாடியில் கிடந்த பழைய ஆன்டெனாவைத் துடைத்து மாட்டிப் பார்த்தோம். வெறும் புள்ளிதான். ஏன் வரவில்லை என்று தேடப்போய், ஒன்றிலிருந்து இன்னொன்றாகக் கேள்விகள் கிளம்பின. சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்டவற்றையும் சேர்த்து, தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பொதுச்சேவை ஒளிபரப்பு என்றால் அரசு சேனல் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். அரசு சேனல் என்பது ஆட்சியில் இருப்பவர் சொல்வதை மக்களுக்குச் சொல்லும் சேனல். பொதுச்சேவை ஒளிபரப்பு மக்களின் பணத்தில், மக்களுக்காக, ஆட்சியிலிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளி நின்று நடக்க வேண்டியது. லாபம் தராது என்று தனியார் தொடாத வேலைகளைச் செய்யத்தான் அது இருக்கிறது: உழவருக்கான நிகழ்ச்சி, செவ்வியல் இசை, காது கேளாதோருக்கான செய்தி, சின்ன மொழிகளில் ஒலிபரப்பு, புயல் எச்சரிக்கை.

இந்தியாவில் அந்தப் பொறுப்பு சட்டப்படி பிரசார் பாரதியிடம் இருக்கிறது. தூர்தர்ஷனும் அகில இந்திய வானொலியும் அதன் இரண்டு கைகள். தெரிவிப்பது, கற்பிப்பது, மகிழ்விப்பது ஆகிய மூன்றும் அதன் கடமை என்று 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டமே சொல்கிறது.

இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அரசுக்கு என்ன கட்டாயம்?

அலைவரிசை அரசின் சொத்து அல்ல, நம் எல்லோருடைய சொத்து. இதை உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பாகவே எழுதியிருக்கிறது. 1993இல் நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வந்த வழக்கு அது. கிரிக்கெட்டில் தொடங்கிய சண்டை, கருத்துச் சுதந்திரம் பற்றிய பெரிய தீர்ப்பாக முடிந்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அதன் மீது அரசும் தனியாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது, அதை ஒழுங்குபடுத்த சுயேச்சையான ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அதனால் இலவச ஒளிபரப்பை ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கும் சலுகை போல நினைக்கக் கூடாது. நமக்குச் சொந்தமானதை நாம் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

பிரசார் பாரதி உண்மையிலேயே தன்னாட்சி பெற்றதா?

காகிதத்தில் ஆம். நடைமுறையில் அரைகுறை.

கதை நெருக்கடி நிலையில் தொடங்குகிறது. 1975 முதல் 1977 வரை வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்சியின் ஊதுகுழலாக இருந்தன. அடுத்து வந்த ஜனதா அரசு பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. 'ஆகாஷ் பாரதி' என்ற பெயரில் ஒரு சுயேச்சையான அறக்கட்டளை வேண்டும் என்று 1978இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. வி.பி. சிங் ஆட்சியில் 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் 7 ஆண்டுகள் அலமாரியில் தூங்கியது. 1997 நவம்பர் 23 அன்றுதான் பிரசார் பாரதி பிறந்தது. நெருக்கடி நிலை முடிந்து 20 ஆண்டுகள் கழித்து!

சட்டத்தில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் பிரதிநிதி ஒருவர் என மூவர் இருப்பார்கள். மேற்பார்வைக்கு 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு. மக்களின் புகார்களைக் கேட்க ஒரு ஒலிபரப்பு மன்றம். இந்தக் கடைசி இரண்டும் அமையவே இல்லை. கண்காணிக்க வேண்டியவர் வராத வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தேச நலன் கருதி நிறுவனத்துக்கு உத்தரவு போடும் அதிகாரத்தையும் அதே சட்டம் மத்திய அரசுக்குத் தருகிறது.

அப்புறம் பணம். 2007 அக்டோபர் 5க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். சம்பளச் செலவு மத்திய அரசின் மானியத்தில் நடக்கிறது. சம்பளம் கொடுப்பவரைக் கேள்வி கேட்கும் செய்திப்பிரிவு எந்த ஊரிலும் சுலபமாக வளராது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த நிலை மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்பவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

இலவச ஒளிபரப்புக் கொள்கையில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். நாட்டின் கடைசி வீடு வரை போய்ச்சேரும் கருவி கையில் இருக்கிறது. அதில் வரும் செய்தியை அந்தக் கடைசி வீட்டுக்காரர் நம்ப வேண்டாமா?

தேர்தல் நேரத்தில் கட்சித் தலைவர்கள் தூர்தர்ஷனில் பேசுகிறார்களே, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

யாரும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வையில் இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. 1977 முதல் இருக்கும் வழக்கம். எல்லோருக்கும் அடிப்படை நேரம் சமம், அதற்கு மேல் முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குகளைப் பொறுத்துக் கூடுதல் நேரம். சொந்தச் சேனல் இல்லாத கட்சிக்கு இது பெரிய விஷயம்.

முன்பு ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தோமே, அது என்ன ஆனது?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் நிலையத்துக்குப் போய்ப் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவார்கள். டிவிக்கும் அப்படியே. 1985இல் இரண்டும் ரத்தாயின. அதன்பின் ஒளிபரப்புச் செலவு பொது வரிப்பணத்திலும் விளம்பரத்திலும் நடக்கிறது. ஆகவே 'சும்மா வருகிறது' என்பதும் முழு உண்மையல்ல. தீப்பெட்டி வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம்.

வெளிநாடுகளில் வெவ்வேறு வழிகள். பிரிட்டனில் இன்றும் டிவி லைசென்ஸ் கட்டணம் உண்டு, 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக ஆனது. ஜெர்மனியில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. அமெரிக்காவில் பொது ஒளிபரப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றமே திரும்ப எடுத்துக்கொண்டது. பணம் ஆட்சியாளர் கையில் இருந்தால் எந்த நாளும் நிறுத்தலாம் என்பதற்கு அது கண்முன் நடந்த உதாரணம். தனியாக ஒரு கட்டணம் வைத்து அது நேராக ஒளிபரப்பு நிறுவனத்துக்கே போகும்படி செய்தால் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் ரத்து செய்த லைசென்ஸை இங்கே திரும்பக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏழை வீட்டில் அது சுமையாகவும் இருக்கும். பல ஆண்டுகளுக்கான தொகையை முன்கூட்டியே சட்டத்தால் உறுதிசெய்வது நம் நாட்டுக்குப் பொருந்தும் வழியாகப் படுகிறது.

பழைய ஆன்டெனாவில் ஏன் தூர்தர்ஷன் தெரிவதில்லை?

பெரியம்மா வீட்டுப் புள்ளிகளுக்கு விடை இது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதிலிருந்து பல பத்தாண்டுகள் மாடியில் மீன் எலும்பு போல நின்ற ஆன்டெனாதான் டிவியின் அடையாளம். அந்த அனலாக் தரைவழி ஒளிபரப்பை நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தினார்கள். 2022 வாக்கில் எல்லைப்புறம், தீவுகள் போன்ற முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 டிரான்ஸ்மிட்டர்களைத் தவிர ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. பார்ப்பவர் குறைந்துவிட்டார்கள், மின்சாரச் செலவு அதிகம், அந்த அலைவரிசை வேறு பயனுக்குத் தேவை என்பவை காரணங்கள்.

சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016இல் தொடங்கியது. அதை வாங்கிக்காட்டும் டிவியும் கருவியும் கடையில் பரவலாகக் கிடைக்காததால் மக்களிடம் அது போய்ச்சேரவே இல்லை. நிறுத்தியதைக்கூட நான் தவறு என்று சொல்லமாட்டேன். நிறுத்துகிறோம், இனி இப்படிப் பாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இனி இலவசமாகப் பார்க்க என்ன வழி?

டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. ஒரு முறை டிஷ், செட்டாப் பாக்ஸ், வயர் எல்லாம் வாங்கிப் பொருத்த சுமார் 2,000 ரூபாய் ஆகும். இந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருப்பதால், நம் ஊரில் டிஷ்ஷைத் தென்கிழக்கு நோக்கி, நன்றாக வானத்தைப் பார்த்தபடி நிமிர்த்தி வைக்க வேண்டும். தென்னை மட்டை மறைத்தால் படம் விட்டுவிட்டு வரும். டெல்டாக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வராது. கடைக்காரர் மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று சொன்னால் அவர் வேறு ஏதோ டிடிஎச் விற்கிறார் என்று பொருள்.

நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. மத்திய அரசு 2023 ஜனவரியில் 2,539.61 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த 'பிண்ட்' திட்டத்தில் மலைப்பகுதி, பழங்குடியினர் பகுதி, எல்லைப் பகுதி மக்களுக்கு 8 லட்சம் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் சேனல்கள் ஏன் இவ்வளவு குறைவு?

இந்தக் கேள்வி எனக்கு மனசுக்கு நெருக்கமானது. பெரியம்மா வீட்டில் பாக்ஸை மாட்டி சேனல்களை ஓட்டியபோது ஹிந்தி, ஹிந்தி, போஜ்புரி, மறுபடி ஹிந்தி என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம பேச்சு எங்கடா இருக்கு?" என்றார். டிடி தமிழ் வந்ததும்தான் முகம் தெளிந்தது. முன்பு பொதிகை என்று இருந்த அதே சேனல்தான், 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது.

காரணம் ஏலத்தில் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல் இடம்பிடிக்க வேண்டுமானால் பிரசார் பாரதி நடத்தும் மின்-ஏலத்தில் ஸ்லாட், அதாவது ஒரு சேனலுக்கான இடம், எடுக்க வேண்டும். 2011 முதல் இந்த முறை. ஹிந்திப் பொழுதுபோக்கு, திரைப்படச் சேனல்கள் போட்டி போட்டுப் பல கோடிகள் கொடுக்கின்றன, வடக்கே கோடிக்கணக்கான வீடுகளில் ஃப்ரீ டிஷ் இருப்பதால் விளம்பரத்தில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். ஒரு ஆண்டு ஏலமே ஆயிரம் கோடி ரூபாயைத் தொட்டிருக்கிறது.

தமிழ் சேனல்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் கேபிள் முன்பே வேரூன்றிவிட்டது. 2006க்குப் பின் அரசு கொடுத்த இலவச கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. அந்த விலையில் கேபிள் கிடைக்கும்போது 2,000 ரூபாய் போட்டு டிஷ் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. ஃப்ரீ டிஷ் வீடுகள் குறைவு என்பதால் தமிழ் சேனல்கள் வரவில்லை, தமிழ் சேனல்கள் இல்லை என்பதால் மக்கள் ஃப்ரீ டிஷ் வாங்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போதாக்குறைக்கு, ஃப்ரீ டிஷ்ஷில் சும்மா கிடைக்கும் சேனலை மற்ற இடங்களில் கட்டணச் சேனலாக வைத்திருக்க முடியாது, எல்லா இடத்திலும் இலவசச் சேனலாக அறிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் விதி கொண்டுவந்தது. பார்வையாளருக்கு நியாயமான விதிதான். ஆனால் கேபிள் சந்தாவில் பெரும் வருமானம் பார்க்கும் தமிழ் நிறுவனம் இதைப் பார்த்தபின் ஏலத்துக்கு வருமா?

நாட்டின் பொது வரிப்பணத்தில் ஏவிய செயற்கைக்கோளில் இடத்தை, அதிகம் கொடுப்பவருக்கே என்று விற்றால் பெரிய சந்தை உள்ள மொழிதான் நிரம்பும். ஒவ்வொரு மொழிக்கும் சில இடங்களைக் குறைந்த விலையில் ஒதுக்கிவைப்பது பிரசார் பாரதியால் முடியாத காரியமில்லை. தமிழ், மலையாளம், ஒடியா, அசாமி பேசும் ஏழை வீடும் ஏழை வீடுதானே.

கேபிளில் இலவசச் சேனல் மட்டும் பார்க்கிறேன். அதற்கு ஏன் பணம் கேட்கிறார்கள்?

இலவசச் சேனல் என்றால் அந்தச் சேனலுக்கு விலை இல்லை என்று பொருள். அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வயருக்கு விலை உண்டு. இதை நெட்வொர்க் கட்டணம் என்பார்கள். 2019இல் புதிய முறை வந்தபோது முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு இருந்தது, 2024இல் டிராய் அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டது. அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் காட்ட வேண்டும். 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு அது. காட்டவில்லை என்றால் நீங்கள் கேட்கலாம்.

ஒரே கிரிக்கெட் மேட்ச் பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் தெரிகிறது, எங்கள் கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் போட்டால் வேறு ஏதோ ஓடுகிறது. ஏன்?

பலரும் கேபிள்காரரைத் திட்டுகிறார்கள். அவர் மேல் தவறில்லை. 2007இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவித்த விளையாட்டுகளின் நேரலையை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் டிவிக்கு 75க்கு 25, வானொலிக்கு 50க்கு 50 என்று பங்கு, டிவியில் பெரிய பங்கு உரிமையாளருக்கு. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகள் பட்டியலில் உண்டு. ஐபிஎல் கிடையாது.

பகிர்ந்த அந்த நேரலை கேபிள் வழியாகவும் எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியது வீணாகிறது என்று தனியார் தரப்பு வழக்குப் போட்டது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் போகக் கூடாது. அதனால்தான் ஒரே தெருவில் இரண்டு விதமாகத் தெரிகிறது. தரைவழி ஒளிபரப்பை மூடிய பிறகு, இலவச மேட்ச் என்பது டிஷ் வைத்தவருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

தனியார் சேனல்களுக்குப் பொதுச்சேவைக் கடமை எதுவும் கிடையாதா?

உண்டு. 2022 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி தினமும் 30 நிமிடம் பொதுநல உள்ளடக்கம் காட்ட வேண்டும், 2023 மார்ச் 1 முதல் அமல். கல்வி, வேளாண்மை, உடல்நலம், அறிவியல், பெண்கள் நலன், நலிந்த பிரிவினர் நலன், சுற்றுச்சூழலும் பண்பாட்டு மரபும், தேசிய ஒருமைப்பாடு என்று 8 தலைப்புகள். 30 நிமிடமும் ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை, மற்ற நிகழ்ச்சிகளுக்குள் கலந்தும் வரலாம், மறு ஒளிபரப்பும் கணக்கில் சேரும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை காட்டியது மட்டும் சேராது.

இப்படிப் பார்த்தால் சீரியலில் மருமகள் டாக்டரிடம் போகும் காட்சியைக்கூட உடல்நலக் கணக்கில் எழுதிவிடலாம். நோக்கம் நல்லது, வலையின் ஓட்டைதான் ரொம்பப் பெரியது.

எஃப்.எம். ரேடியோக்களில் ஏன் செய்தி வருவதில்லை?

தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எடுத்துப்போடலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கருதப்படாததால் சொல்லலாம். எந்த டிவியும் எந்தச் செல்போனும் 24 மணி நேரமும் செய்தி சொல்லும் நாட்டில், ஏழையின் கருவியான ரேடியோவுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அனுமதித்தால் உள்ளூர்ச் செய்திக்கு ஒரு வாசல் திறக்கும்.

சமுதாய வானொலி என்கிறார்களே, அது யார் நடத்துவது?

கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள். இதில் நாட்டுக்கே வழிகாட்டியது தமிழ்நாடு. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம். தான் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வந்தது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' இயங்குகிறது. கடலில் காற்று எப்படி, அலை எப்படி என்பதை அவர்கள் பேச்சிலேயே அது சொல்கிறது. சின்ன டிரான்ஸ்மிட்டர், பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். அந்த எல்லைக்குள் வாழ்பவருக்கு அதைவிடப் பயனுள்ள ரேடியோ இல்லை.

மாநில அரசு சொந்தமாகச் சேனல் நடத்த முடியுமா?

அரசியலமைப்பில் ஒலிபரப்பு மத்தியப் பட்டியலின் 31ஆம் இனத்தில் வருகிறது. மாநிலங்கள் இதில் இறங்க வேண்டாம் என்று டிராய் பலமுறை சொன்னது. 2022 அக்டோபரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு அறிவுரை அனுப்பியது: அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் நேரடியாக இறங்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவை 2023 டிசம்பர் 31க்குள் பிரசார் பாரதி வழியாகச் செய்ய வேண்டும். இது வந்தபோது தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சியும் அரசு கேபிளும் என்ன ஆகும் என்று இங்கே கவலை எழுந்தது. இரண்டும் நின்றுவிடவில்லை.

ஆளும் கட்சிகள் சேனல் நடத்துவதில் உள்ள ஆபத்து எனக்கும் புரிகிறது. ஆனால் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. அதே ஆபத்து மத்திய அரசுக்கும் பொருந்தும்தானே? தடை வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும்.

உழவர் நிகழ்ச்சிகளை யாராவது கேட்டுப் பயனடைந்திருக்கிறார்களா?

எங்கள் ஊர்ப்பக்கம் வந்து கேளுங்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி-27 என்ற புதிய ரகம் வந்தது. அதை எப்படி நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று திருச்சி வானொலி உழவர் நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், போட்டார்கள், விளைந்தது. அந்த நெல்லின் எண் யாருக்கும் வாயில் நுழையவில்லை. 'ரேடியோ நெல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெரியம்மாவின் மாமனார் அதைப் போட்டவர். "ரேடியோ சொன்னா அது பொய் சொல்லாது" என்பாராம்.

இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. விளம்பரத்துக்காக அந்த நிகழ்ச்சி நடந்திருந்தால் உரக் கம்பெனி சொன்ன அளவைத்தான் சொல்லியிருக்கும்.

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, இதெல்லாம் இன்னும் தேவையா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ வைத்திருந்தவருக்கு வெளியுலகம் தெரிந்தது. செல்போனுக்குக் கோபுரம், இணையம், சார்ஜ், ரீசார்ஜ் நான்கும் வேண்டும். ஒரு டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் அலைக்கு, பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது.

இணையத்தையும் பிரசார் பாரதி விட்டுவிடவில்லை. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி செயலியைத் தொடங்கியது. இணையம் இல்லாமலே செல்போனுக்கு நேரடியாக ஒளிபரப்பும் தொழில்நுட்பமும் சோதனையில் இருக்கிறது. வந்தால் நல்லது.

தூர்தர்ஷன், வானொலி பற்றிப் புகார் எங்கே சொல்வது?

சட்டம் சொன்ன ஒலிபரப்பு மன்றம் இல்லாததால் அதற்கென்று தனி வாசல் இல்லை. மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் எழுதலாம். பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் அமைப்பு, ஒரு மனு போட்டுக் கேட்கலாம். உங்கள் எம்.பி.யிடம் எழுதிக் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்கச் சொல்வதும் பலன் தரும், ஏனென்றால் அதற்கு அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ் ஸ்லாட் பற்றி நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெரியம்மா வீட்டில் இப்போது என்ன ஓடுகிறது?

தென்னை மட்டை மறைக்காத மூலையில் டிஷ் வைத்தாயிற்று. சாயங்காலம் டிடி தமிழில் செய்தியும் பாட்டுக் கச்சேரியும் பார்க்கிறார். காலையில் சமையல்கட்டில் காரைக்கால் வானொலி. இந்தியா ஆடும் மேட்ச் நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில்தான், கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் உட்பட.